முகூர்த்த நேர மின்தடை

மாதிரிபுரத்தில் மழை பெய்வதில்லை, தேர்தல் நடப்பதில்லை, யாருக்கும் வயது கூடுவதில்லை. மின்சாரம் மட்டும் அவ்வப்போது போகும். அந்த ஊர் உருவாக்கப்பட்டதே அதற்காகத்தான்.

திருநெல்வேலிக்கு வெளியே, நாற்கரச் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், குளிரூட்டப்பட்ட அறையொன்றில் நான்கு ஆளுயர அலமாரிகள் நின்றன. அலமாரிகளில் சர்வர்கள். சர்வர்களுக்குள் சில தெருக்கள், ஒரு கூட்டுறவு வங்கி, ஒரு சிறு மருத்துவமனை, ஒன்றையொன்று பிடிக்காத இரண்டு டீக்கடைகள், சில நூறு மனிதர்கள். மனிதர்கள் என்றால், நினைவும் கோபமும் உறவுமுறையும் உடைய நிரல்கள்.

கோப்பு முறைமைகளைச் சோதிக்க முன்பெல்லாம் வெறும் எண்களை எழுதிப் பார்த்தார்கள். எண்கள் ஒழுங்காக வந்தன, ஒழுங்காகப் போயின. மனிதர்கள் அப்படி எழுதுவதில்லை. ஒரே விண்ணப்பத்துக்குக் 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி' என்று மூன்று பெயர் வைப்பார்கள்; மூன்றையும் வைத்துக்கொள்வார்கள்; நான்காவதைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இந்த ஒழுங்கின்மையைச் செயற்கையாக உண்டாக்க முடியாது என்று தெரிந்தபின், அதை இயல்பாக உண்டாக்கக் கூடியவர்களைச் செயற்கையாக உண்டாக்கினார்கள்.

இப்படி உண்டாக்கப்பட்டவர்களிடம், அவர்கள் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். சொன்னார்கள். ஊரார் அதைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பினர்.

இந்த ஊரை ஆண்டவர் சோதனைப் பிரிவின் தலைவி மங்கையர்க்கரசி. ஓர் அறிக்கையில் 'ஏறத்தாழ' என்ற சொல் இருந்தால் அதைப் படிக்காமலேயே திருப்பி அனுப்புவார். அவருடைய மேசையில் இப்போது இருந்தது 'கல்வெட்டு' என்னும் புதிய கோப்பு முறைமை. தென் மாவட்டங்களில் கிளை பரப்பியிருந்த ஒரு மருத்துவமனைக் குழுமம் தன் சர்வர்களை எல்லாம் அதற்கு மாற்றக் காத்திருந்தது. மங்கையர்க்கரசி கையொப்பமிட்டால் மாறும்.

மின்சாரத்தைப் போக்கும் பொறுப்பு வில்லவராயருடையது. தூத்துக்குடிக்காரர்; மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றப் பொறியாளர்களுக்கு மின்சாரம் என்றால் இருக்கும் அல்லது இருக்காது. அவருக்கோ அது மினுக்கிவிட்டுப் போகும், போய் உடனே வந்து மீண்டும் போகும், மின்விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றும் அளவுக்குக் குறைந்து நிற்கும். இத்தனையையும் அவர் ஒரு பலகையில் இருந்த குமிழ்களைத் திருகி அச்சு அசலாகச் செய்து காட்டினார்.

பணியில் சேர்ந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஃபைல் சிஸ்டம் ஃபைல் சிஸ்டம்ங்கீங்களே மேடம், அது என்னது?"

"கோயில் வாசல்ல செருப்புப் போடுற இடம் இருக்குல்லா சார். செருப்பு உள்ள இருக்கும், டோக்கன் நம்ம கையில இருக்கும். எந்த டோக்கனுக்கு எந்தச் செருப்புன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உக்காந்திருப்பார். அவர்தான் ஃபைல் சிஸ்டம்."

"நாங்க மாதா கோயில்ல சும்மா வெளியே போட்டுட்டுத்தான் போவோம்."

"அப்ப நீங்க ஃபைல் சிஸ்டம் இல்லாமலே வாழ்ந்திருக்கீங்க."

"திரும்பி வரும்போது செருப்பு இருந்ததில்லயே மேடம்."

மங்கையர்க்கரசிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எட்டு மாதங்களில் கல்வெட்டு ஒரு கோப்பைக்கூடச் சிதைக்கவில்லை. அதை விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி பிரணவ், சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் அதை மங்கையர்க்கரசிக்கு நினைவூட்டினான். அவன் வயதுக்கும் சம்பளத்துக்கும் ஏற்ற உற்சாகம் அவனிடம் இருந்தது.

"மேடம், ஒரு ஃபைல்கூட போகல. வேற யார்கிட்டயாவது இப்படி ரிசல்ட் பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. அதான் யோசிக்கிறேன்" என்றார் மங்கையர்க்கரசி.

யோசித்தவர், மின்தடைகளுக்கு முந்தைய நேரத்தின் வரைபடங்களை வரவழைத்தார். ஊரில் எத்தனை பேர், எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதைக் காட்டும் கோடுகள் அவை. முதல் ஓரிரு தடவைகளைத் தவிர, ஒவ்வொரு மின்தடைக்கும் சற்று முன்பாகக் கோடு தரையைத் தொட்டுக் கிடந்தது. மின்சாரம் போனபோது மாதிரிபுரத்தில் ஒருவரும் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த மின்தடைக்கு முந்தைய மாலையில் அவர் ஊரைத் திரையில் திறந்து பார்த்தார். எல்லா வீடுகளிலும் மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. கைப்பேசிகள் எல்லாம் மின்னேற்றத்தில் கிடந்தன. கூட்டுறவு வங்கி நேரத்துக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டது. கடைத்தெருவில் 'செண்பகம் பிரவுசிங் சென்டர்' வாசலில் ஒரு கரும்பலகை: நாளை பகல் முழுக்க மின்தடை, விண்ணப்பம் செய்வோர் இன்றே வரவும்.

அவர் வில்லவராயரைக் கூப்பிட்டார். வில்லவராயர் திரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான் சொன்னீங்களா சார்?"

"சொல்லாம எப்பிடி மேடம் வெட்டுறது?"

"இது சோதனை."

"சோதனைதான். யாரு இல்லைன்னா? ஆனா மாவு ஆட்டணும்லா அவங்க. முப்பது வருசம் சர்வீஸ்ல நான் ஒருநாள்கூடச் சொல்லாம லைனை நிப்பாட்டினதில்ல. அதுவா போனா அது வேற. நானா வெட்டுறதுன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடி பேப்பர்ல வந்துரும், தெருவாரியா."

"எப்படிச் சொன்னீங்க?"

ஊருக்கும் வெளியுலகுக்கும் இடையே ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு இருந்தது: மின்தடைப் புகார் எண். புகார் செய்ய வழியில்லாத ஊர் நம்பும்படியாக இருக்காது என்பதால் வைத்தது. அழைத்தால் பதிவு செய்யப்பட்ட ஒரு குரல் மன்னிப்புக் கேட்கும். முதல் மாதத்திலேயே வில்லவராயர் அந்தக் குரலை அணைத்துவிட்டு, தாமே எடுத்துப் பேசத் தொடங்கியிருந்தார்.

"அந்தப் பிரவுசிங் சென்டர் பிள்ளை இருக்கே, செண்பகவல்லி, அது மொதல் தடவை போன் பண்ணி வச்சு வாங்கிருச்சு மேடம். ஒரு தாத்தாவுக்குப் பென்சன் விண்ணப்பம் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது வெட்டிட்டேனாம். 'வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொன்னா உங்க கிரீடம் எறங்கிருமா'ன்னு கேக்குது. நியாயமான கேள்விதானே? அன்னைல இருந்து அதுகிட்ட சொல்லிருவேன். அது போர்டுல எழுதிரும்."

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு மாதச் சோதனை ஒரு மனிதரின் நல்ல பழக்கத்தால் வீணாகியிருந்தது. எல்லாரும் செருப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு காவல்காரனை அறைந்து பார்த்து, அவன் ஒன்றையும் தொலைக்கவில்லை என்று பாராட்டியிருக்கிறார்கள்.

"திரும்பச் செய்யணும் சார். சொல்லாம. ஊர் ரொம்ப எழுதிக்கிட்டு இருக்கிற நேரத்துல."

"அது எப்ப?"

வரும் வியாழக்கிழமை என்றது கணிப்பு. காரணத்தை வில்லவராயர் ஏற்கெனவே அறிந்திருந்தார். வியாழக்கிழமை காலை செண்பகவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எதிர்க்கடை ஆவுடையப்பன், செல்போன் பழுது பார்ப்பவன். ஊர் மொத்தமும் மண்டபத்தில் இருக்கும். ஊர் மொத்தமும் படம் எடுக்கும்.

"மேடம், அன்னைக்கு வேண்டாம். அந்தப் பிள்ளை என்கிட்ட கேட்டுருக்கு. 'சார், என்னைக்கு வேணா வெட்டுங்க, வியாழக்கெழமை மட்டும் விட்டுருங்க'ன்னு. நானும் சரின்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்குச் சரின்னு சொல்ற அதிகாரம் இல்லையே சார்."

"அதிகாரம் இருந்தாத்தான் சரின்னு சொல்லணுமா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது ஏற்கெனவே கவலைல கெடக்கு. கல்யாணத்துக்கப்புறம் கடைய மூடணும்னு மாமியார்க்காரி சொல்லுதா. அவன்கிட்ட கேட்டா 'பாப்போம் பாப்போம்'ங்கான். வாயத் தொறக்க மாட்டேங்கான். கடைன்னா அதுக்கு உயிரு மேடம். கல்யாண வீட்டுல கரண்ட வெட்டுனா நாம விளங்குவமா?"

"அவங்க நினைவும் கல்வெட்டு எழுதுற அதே டிஸ்க்லதான் இருக்கு. அது எனக்குத் தெரியாம இல்ல" என்றார் மங்கையர்க்கரசி. "ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. நிறைய ஆள் இருக்கும்போது கரண்ட் போகும். அது ரெண்டு நாள் முன்னாடி பேப்பர்ல வராது. அங்க படுத்திருக்கிறவங்களுக்கும் கல்யாணம் காட்சி எல்லாம் உண்டு."

வில்லவராயர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "சரி. நான் சொல்லல. ஆனா குமிழை நீங்க திருகுங்க" என்றார்.

புதன்கிழமை செண்பகவல்லி புகார் எண்ணில் அழைத்து, மறுநாள் மின்சாரம் இருக்கும்தானே என்று உறுதிப்படுத்திக்கொள்ள முயன்றாள். வில்லவராயர் எடுக்கவில்லை; அணைத்து வைத்திருந்த குரலை அன்று மீண்டும் போட்டுவிட்டிருந்தார். பதிவு செய்யப்பட்ட குரல் அவளிடம் மன்னிப்புக் கேட்டது.

வியாழன் காலை பிரணவ் ஆய்வகத்துக்கு வந்துவிட்டான். மூவரும் திரைமுன் அமர்ந்தனர். மண்டபத்தில் நாற்காலிகள் போதவில்லை. டீக்கடைக்காரர்கள் இருவரும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். மணமேடையைச் சுற்றி உயர்த்திய கைகள், கைகளில் கைப்பேசிகள். வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது.

"செம லோடு மேடம்" என்றான் பிரணவ்.

"பேசாம பாருங்க தம்பி" என்றார் வில்லவராயர்.

கெட்டிமேளம் முழங்கியது. ஆவுடையப்பனுக்குக் கை நடுங்கியது; செல்போனின் உள்ளுறுப்புகளைக் கண்ணாடி வைத்துக் கோர்க்கிறவனுக்கு ஒரு முடிச்சு விழவில்லை. அவனுடைய அக்கா அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே முடிச்சுகளைப் போட்டாள். மண்டபம் சிரித்தது. மேளம் உச்சத்தில் இருக்கும்போதே அவன் குனிந்து செண்பகவல்லியின் காதருகே ஏதோ சொன்னான். அவள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதுவரை மண்டபத்தில் எல்லாரும் மணப்பெண்ணின் முகத்தைப் படமெடுத்திருந்தார்கள். செண்பகவல்லியின் முகம் அப்போதுதான் வந்தது.

கோடு உச்சியைத் தொட்டது. மங்கையர்க்கரசி குமிழைத் திருகினார்.

மினுக்கிவிட்டுப் போயிற்று, உடனே வந்தது, மீண்டும் போயிற்று. வில்லவராயரின் கைவரிசையில் மிகக் கொடியது அது.

மாதிரிபுரம் திரும்பி வந்தபோது சரிபார்ப்பு நிரல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தது. சிதைவு ஒன்றுமில்லை. ஒரு படம்கூடப் பாதியில் நிற்கவில்லை. பிரணவ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"கல்யாணத்துல வெட்டினீங்க மேடம்! நம்பர் ஒன் சித்திரவதை! ஒண்ணுமே ஆகல!"

வில்லவராயர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏன் தம்பி, அந்தப் பிள்ளை கழுத்துல தாலியக் காணோம்?" என்றார்.

மண்டபத்தில் நாதசுவரக்காரர் இன்னும் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண் அறையில் செண்பகவல்லிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை என்று யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஊரின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்னால் ஓடியது; கடிகாரமும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது.

"ஓ, அது..." என்று பிரணவ் உட்கார்ந்தான். "அது டிசைன் மேடம். கரண்ட் போனா, கடைசியா எல்லாம் சரியா இருந்த நிலைக்குக் கல்வெட்டு திரும்பிடும். அரைகுறையா எதையும் வெச்சுக்காது. ரொம்ப லோடு இருந்ததால அந்த நிலை கொஞ்சம் பின்னாடி இருக்கு. அவ்ளோதான்."

"அவங்க எடுத்த படத்தையெல்லாம் சேமிச்சாச்சுன்னு அது சொல்லிச்சா இல்லையா?"

"சொல்லிச்சு. அது... லோடு ஜாஸ்தியா இருக்கும்போது முதல்ல 'ஆச்சு'ன்னு சொல்லிடும். அப்புறம் நிதானமா எழுதும். அதனாலதான் அவ்ளோ வேகம்."

"எங்க ஆபீஸ்லயும் அப்பிடித்தான்" என்றார் வில்லவராயர்.

"மேடம், உங்க நிபந்தனைய நீங்களே பாருங்க. 'மின்தடைக்குப் பின் எந்தக் கோப்பும் சிதைந்திருத்தல் கூடாது.' சிதையலையே. இருக்கிறது எல்லாம் முழுசா இருக்கு. இல்லாதது சுத்தமா இல்ல."

நிபந்தனையை எழுதியவர் மங்கையர்க்கரசியேதான். காற்புள்ளிகளைக்கூட மும்முறை சரிபார்த்து எழுதியது. சிதைவதைப் பற்றி அதில் நான்கு பத்திகள் இருந்தன. காணாமற்போவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஐ.சி.யூ.ல நர்ஸ் ஒரு ஊசி போடுறாங்க. போட்டாச்சுன்னு பதிவு பண்றாங்க. கல்வெட்டு 'ஆச்சு'ங்குது. கரண்ட் போகுது. திரும்பி வந்து பாத்தா ஊசி போட்ட பதிவே இல்ல. அடுத்த நர்ஸ் என்ன செய்வாங்க பிரணவ்?"

"இன்னொரு ஊசி போடுவாங்க."

"உங்களுக்கு எல்லாக் கோப்பும் முழுசா இருக்கும்."

திரையில் கல்யாணம் மீண்டும் நடக்கத் தொடங்கியிருந்தது. அதே மேளம், அதே கைகள், அதே சிரிப்பு. அக்கா தம்பியின் கையைத் தட்டிவிட்டாள். ஆவுடையப்பன் குனியத் தொடங்கினான். இம்முறை படமெடுப்பவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, "மாப்ளே, இங்க பாருங்க!" என்றார். அவன் அங்கே பார்த்தான். அடுத்த படத்துக்கும் பார்த்தான். அதற்குள் அவனுடைய அம்மா மேடையேறி வந்துவிட்டார். சொல்ல வந்தது அவனுக்கே மறந்துபோனது போலிருந்தது. செண்பகவல்லி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வில்லவராயர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"தான் எதை இழந்துச்சுன்னு கல்வெட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"எதைன்னு தெரியாது. எவ்ளோ நேரம்னு தெரியும். எதுலேந்து எதுவரைக்கும்னு உள்ளுக்குள்ள குறிச்சு வெச்சுக்கும்."

"அதை ஏன் யாருக்கும் காட்டுறதில்ல?"

"முதல் வெர்ஷன்ல காட்டினோம் மேடம். கஸ்டமர்ஸ் பயந்துட்டாங்க. அதான் மறைச்சிட்டோம். காட்டாத வெர்ஷன்தான் நல்லா விக்குது."

"அவங்க பயப்படட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையா, எல்லாத் திரையிலயும் அது தெரியணும். இத்தனை மணியிலேந்து இத்தனை மணி வரைக்கும் என்கிட்ட எதுவும் இல்லன்னு. அப்படித் தெரிஞ்சா அந்த நர்ஸ் அடுத்த ஊசிக்கு முன்னாடி ஒரு ஆளையாவது கேப்பாங்க. காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். காட்டலைன்னா இல்ல."

பிரணவ் வராந்தாவுக்குப் போய்ச் சென்னைக்குப் பேசினான். கண்ணாடிக் கதவு வழியே அவன் கைகளை விரிப்பதும் தலையில் வைத்துக்கொள்வதும் தெரிந்தது. உள்ளே வந்தபோது உற்சாகம் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் உத்தரவு வாங்கி வந்திருந்தான். சிறு மாற்றம்தான், மறைத்ததைத் திறந்துவிடுவது. பிற்பகலில் மாதிரிபுரத்தின் எல்லாத் திரைகளிலும் ஓர் அறிவிப்புத் தோன்றியது. முற்பகலில் நாற்பது நிமிடம் இழக்கப்பட்டது. அந்நேரத்தில் நடந்தவையும் சேமித்தவையும் யாரிடமும் இல்லை.

ஊரார் பயப்படவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் தான் கடனைத் திருப்பித் தந்துவிட்டதாக ஒரு டீக்கடைக்காரர் மற்றவரிடம் உடனே சொன்னதாகத் தெரிகிறது.

மாலையில் புகார் எண் ஒலித்தது. வில்லவராயர் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், நான் செண்பகவல்லி."

"சொல்லும்மா. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நேத்து போன் பண்ணேன், நீங்க எடுக்கல." "இப்ப எதுக்குப் பண்ணேன்னா, கடைக் கனெக்சன வெட்டிரணும். அதுக்கு யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?"

வில்லவராயர் மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

"ஏம்மா, அவன் என்ன சொன்னான்?"

"அவுக ஒண்ணும் சொல்லல. அதான் பதிலுன்னு எடுத்துக்கிட்டேன். அத்தை நாளைக்கே ஆள் விட்டுக் கம்ப்யூட்டர எல்லாம் ஏத்தச் சொல்லிட்டாங்க." பிறகு, வேறு ஏதோ கேட்பவளைப் போல, "சார், ஸ்கிரீன்ல நாப்பது நிமிசம்னு போட்டுருக்கே. முகூர்த்த நேரம்லா அது. அதுல என்ன நடந்துச்சு? நீங்க வெளியே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

ஊராரிடம் சோதனையைப் பற்றிப் பேசலாகாது என்ற விதியையும் மங்கையர்க்கரசிதான் எழுதியிருந்தார். அவர் கையை நீட்டினார். வில்லவராயர் தொலைபேசியைக் கொடுத்தார்.

"அந்த நாற்பது நிமிஷத்துல உங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சும்மா."

"நீங்க யாரு?"

"கரண்ட வெட்டினவ."

"அப்ப எனக்கு ரெண்டு கல்யாணமா?"

"ஒரே மாப்பிள்ளைதான்."

"அதுவரைக்கும் நல்லது" என்றாள் செண்பகவல்லி. "மொத தடவை எப்பிடி நடந்துச்சு அக்கா?"

"இதே மாதிரிதான். அவருக்குக் கை நடுங்கிச்சு. அக்காதான் முடிச்சுப் போட்டாங்க. போட்டதும் அவர் உங்க காதுகிட்டக் குனிஞ்சு ஒண்ணு சொன்னார்."

"என்ன சொன்னாக?"

வில்லவராயர் தலையை உயர்த்தினார். மங்கையர்க்கரசி அவரைப் பார்க்கவில்லை.

"கடைய மூட வேண்டாம்னு சொன்னார். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னார்."

மறுமுனையில் எங்கோ பந்தி எடுக்கும் பாத்திரச் சத்தம் கேட்டது.

"நான் போய்க் கேட்டா, நான் எப்பச் சொன்னேம்பாகளே அக்கா."

"சொல்வார். அவருக்கு அது ஞாபகம் இருக்காது. யார்கிட்டயும் அதுக்குச் சாட்சி இல்ல."

"நீங்க இருக்கீங்க."

"நான் உங்க ஊர்ல இல்லையே."

செண்பகவல்லி யோசித்தாள். அவள் யோசிப்பது கம்பி வழியாகவே கேட்டது. பிறகு குரல் மாறியது. கடையில் உட்கார்ந்து, வரிசையில் முண்டியடிப்பவர்களை அதட்டும் குரல்.

"சொல்லலன்னு அவுகளும் சொல்ல முடியாதுல்லா? அதான் ஊர்ல இருக்க அத்தனை ஸ்கிரீன்லயும் போட்டுருக்கே, அந்த நாப்பது நிமிசம் யாருகிட்டயும் இல்லன்னு. தாலி கட்டினதும் நீங்க சத்தியம் பண்ணீங்கன்னு அவுககிட்டயே சொல்லுதேன். இல்லன்னா இல்லன்னு நிரூபிக்கட்டும். அத்தைகிட்டயும் அதையே சொல்லுதேன். அக்கா, கனெக்சன வெட்டாதீங்க. அந்தச் சார்கிட்டயும் சொல்லிருங்க."

அவள் வைத்துவிட்டாள்.

பிரணவ் ஏற்கெனவே விமானத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தான். அறையில் சர்வர்களின் விசிறிகள் மட்டும் ஓடின. வில்லவராயர் தம் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்.

"மேடம், நானும் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கெட்டிமேளம் காதைப் பொளந்துச்சு. எனக்கு ஒரு எழுத்தும் கேக்கல. உங்களுக்கு எப்பிடிக் கேட்டுச்சு?"

"எனக்கும் கேக்கல சார்."

வில்லவராயர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "சரி மேடம். வாரேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மங்கையர்க்கரசி அறிக்கையைத் திறந்தார். இழப்பை உடனுக்குடன் அறிவிக்கும் என்ற நிபந்தனையோடு கல்வெட்டு சர்வர்களுக்கு ஏற்றது என்று எழுதினார். 'சோதனையின்போது தரவுகள் எவையேனும் முறைமைக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டனவா?' என்ற வினாவுக்கு எதிரே 'இல்லை' என்று காலையிலேயே தட்டச்சிட்டு வைத்திருந்தார். அதை அழித்தார்.

'ஆம், இழக்கப்பட்ட நாற்பது நிமிடங்களில் ஒரு வாக்கியம் சோதனையாளரால் சேர்க்கப்பட்டது. அதன் உண்மைக்குக் கல்வெட்டு பொறுப்பன்று.'

காற்புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்.